ஜனவரி வெயிலில் பெண் பார்த்தார்கள்

தோல் மருத்துவத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் சுபாவத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எதையும் எண்ணிப் பார்ப்பவன். எண்ணாவிட்டால் எதையோ தவறவிட்டது போல நெஞ்சு அடித்துக்கொள்ளும். போன ஜூன் மாதம் ஒரு காலை, லோதி ரோடு பஸ் நிறுத்தத்தில் இருபத்திரண்டு பேர் நின்றிருந்தார்கள். குடை இரண்டு. துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கண்ணை மட்டும் வெளியே விட்டிருந்த பெண்கள் ஏழு பேர். ஆபீஸ் ஃபைலைத் தலைக்கு மேல் பிடித்திருந்தவர் ஒருவர். மீதிப் பேர், கூரை நிழல் போதாமல், விளக்குக் கம்பத்தின் நிழலுக்குள் ஒருவர் பின் ஒருவராக உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றார்கள். கோயில் வரிசை தோற்றது.

அதே நிறுத்தத்தை ஜனவரியில் எண்ணினேன். பத்தொன்பது பேர். கூரைக்கு அடியில் நின்றவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லாரும் சாலையோரம் வந்து, முதுகைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றார்கள். ஒரு பெரியவர் என்மேல் இரக்கப்பட்டு, "அங்கிள்ஜி, இதர் ஆயியே, தூப் மே ஆயியே" என்று கூப்பிட்டார். வெயிலுக்கு வா என்கிறார். அவருக்கு என்னைவிட நான்கு வயதாவது கூட இருக்கும்.

டில்லிக்கு இரண்டு சூரியன்கள். கோடைச் சூரியன் ஆளைக் கறுப்பாக்குகிற பகை. குளிர்காலச் சூரியன் மருந்து. பிள்ளை பெற்றவளை அதில் உட்கார்த்துகிறார்கள், கைக்குழந்தைக்கு எண்ணெய் தடவி அதில் படுக்க வைக்கிறார்கள், மதியச் சாப்பாட்டு வேளையில் அரசாங்க அலுவலகங்கள் எல்லாம் புல்தரைக்கு வந்து வேர்க்கடலை உரிக்கின்றன. தோலுக்கு இருப்பது ஒரே சூரியன்தான் என்று நாற்பது வருடங்கள் சொல்லிப் பார்த்தேன். வெயிலைப் பற்றி என்னிடம் கேட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்டது ஒரே கேள்வி: "கறுத்துருவேனா டாக்டர்?" உடம்புக்கு என்ன ஆகும் என்று கேட்டவர்களை நான் ஞாபகத்திலிருந்தே சொல்லிவிடுவேன், அவ்வளவு குறைவு.

எனக்குச் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் புறநோயாளிகள் பிரிவை முடித்துவிட்டுக் கை கழுவும்போது சொன்னார்: "நோய்க்கு நாம ஒரு பேரு வைக்கிறோம். அவங்க வீட்டுல அதுக்கு வேற ஒரு பேரு வெச்சு மறைப்பாங்க. அந்தப் பேரைக் கேட்டு வாங்கு. இல்லேன்னா உன் வைத்தியம் வாசல்லயே நின்னுடும்." அப்போது தலையாட்டினேன். கோமதியின் விஷயத்தில்தான் அது எனக்குப் புரிந்தது. பெயரை மாற்றியிருக்கிறேன்.

கோமதியின் அப்பா மத்திய அரசில் ஓர் அமைச்சகத்தில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிக்காரர், எங்கள் பக்கம். சரோஜினி நகரில் தரைத்தளத்துக் குவார்ட்டர்ஸ், முன்னால் துண்டாக ஒரு புல்வெளி, ஒரு வேப்பமரம். இரண்டு பெண்கள். மூத்தவள் கோமதி. இளையவள் சுதா, ஐந்து வயது சின்னவள். கோமதியைப் பத்தொன்பது வயதில் என்னிடம் அழைத்து வந்தார்கள். மூக்கின் இருபுறமும் கன்னங்களில் சிவந்த தடிப்பு, மூட்டு வலி, ஓயாத அசதி. லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய காவல் அந்த உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய். தூங்கிக்கொண்டிருக்கும் அந்த நோயை எழுப்பிவிடுகிறவற்றில் வெயிலும் ஒன்று.

மருந்து கொடுத்து அடக்கினோம். வெயிலில் நிற்காதே, கிரீம் பூசாமல் வெளியே போகாதே, முழுக்கைச் சட்டை போடு என்று சொன்னேன். குளிர்காலத்திலும் அப்படித்தான் என்பதை அம்மா அப்பா இருவரையும் உட்கார வைத்து மூன்று முறை சொன்னேன். அவர்கள் கேட்டார்கள். ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டார்கள்.

ஆனால் காலனியில் இதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. கோமதியின் அம்மா கண்டுபிடித்த காரணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது. "எங்க மூத்தவளுக்கு வெள்ளத்தோல் பைத்தியம்லா. கறுத்துருவோம்னு வெளிய தல காட்டமாட்டா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தாள். நோய் என்றால் இரண்டு பெண்களுக்கும் வரன் வராது. அழகுப் பைத்தியம் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படியே சிரித்தார்கள். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கோமதியை "மேம்சாப்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். சுதாவோ அக்கா குடையோடு கிளம்பும்போதெல்லாம் பின்னாலேயே போய், "ஹட்டோ, ஹட்டோ, மகாராணி வாராவோ" என்று வழி விடச் சொல்லிக் கட்டியம் கூறுவாள்.

கோடைக்காலத்தில் இந்தப் பொய் நன்றாக வேலை செய்தது. மே மாதம் யார்தான் வெயிலில் நிற்கிறார்கள்? எல்லாப் பெண்களும் முகத்தை மூடிக்கொண்டு போகிற ஊரில் கோமதியும் ஒருத்தி. சிக்கல் குளிர்காலத்தில்தான். காலனிப் பெண்கள் அத்தனை பேரும் புல்வெளியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து கம்பளி பின்னும்போது அவள் மட்டும் உள்ளே, ஹீட்டரின் முன்னால். என் நோயாளிகளில் டிசம்பர் வந்தால் பயப்படுகிறவள் அவள் ஒருத்திதான். அவளோடு சேர்ந்து நானும் பயப்படுவேன்.

இப்படியே எட்டு வருடங்கள் போயின. நோய் அடங்கியிருந்தது. அவள் படித்து முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகவும் ஆகிவிட்டாள்.

ஒரு ஜனவரியில் அவள் அப்பா போன் செய்தார். "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம மாப்பிள்ளை வீட்டுக்காரவோ வாராவோ. நீங்க கூட இருந்தா எனக்கு ஒரு தெம்பு."

சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். போன் கைமாறியது. அவள் அம்மா.

"அண்ணாச்சி, மொதல்ல புள்ளயப் பாக்கட்டும். பிடிச்சிப் போச்சுன்னா பொறவு நாங்களே சொல்லுதோம். நீங்க தோல் டாக்டருன்னும் சொல்லாண்டாம். சும்மா டாக்டருன்னு சொல்லிக்கிடுவோம்."

"பிடிச்ச பிறகு சொல்றது இன்னும் கஷ்டம்மா."

"சொல்லுவோம்ங்கேன்லா."

போனேன். மாப்பிள்ளையின் வீடு ஃபரீதாபாத்தில். அவர்களும் திருநெல்வேலிதான். மாப்பிள்ளை, அவன் அம்மா, அப்பா, முப்பது வருடமாக டில்லியில் இருக்கிற அத்தை ஒருத்தி, மொத்தம் நான்கு பேர். பையன் நெட்டையாக இருந்தான், கூச்ச சுபாவம். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொண்டான்.

எல்லாம் முன்னறையில் நடப்பதாகத்தான் ஏற்பாடு. பத்து நாள் மூடுபனிக்குப் பிறகு அன்றைக்கென்று பார்த்து வானம் வெளுத்து, பளீரென்று வெயில். அத்தை செருப்பைக் கழற்றவில்லை. "இந்த மாதிரி தூப்பு கெடைக்காம ஊரே ஏங்கிக் கெடக்கு, உள்ள போயி அடஞ்சி உக்காருவாவளா? வெளிய போடுங்க சேரை" என்றாள். மறுக்க என்ன காரணம் சொல்வது? கோமதியின் அப்பா நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்பது நாற்காலிகள். நான் எண்ணினேன். வேப்பமர நிழலில் விழுந்தவை மூன்று. அதில் ஒன்றில் அவளை உட்கார்த்திவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

கோமதி காபி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுத் தானாகவே நிழலில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எனக்கு மூச்சு வந்தது.

அத்தை விடவில்லை. "ஏம்மா, அங்க போயி உக்காந்துட்ட? கறுத்துருவேன்னா? பயப்படாத. எங்க வீட்டுல எல்லாருமே அடுப்புக்கரிதான்."

எல்லாரும் சிரித்தார்கள். பையனும் கையை வாய்க்குக் கொடுத்துச் சிரித்தான். அவன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நல்ல மனுஷி, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறவள்.

"மறைக்காண்டாம்னு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதிய" என்றாள் கோமதியின் அம்மாவைப் பார்த்து. "அக்கம்பக்கத்துல விசாரிச்சோம். புள்ள தங்கமான புள்ள, ஆனா வெயில்ல தல காட்டாது, அழகு கொறஞ்சிரும்னு அவ்வளவு கவலைன்னு சொன்னாவோ. எங்களுக்கு அழகு பாக்குத மருமவ சரிப்படாது. ஊருல அம்மன் கோயில் கொடைன்னா உச்சி வெயில்ல வாசல்ல நிக்கணும்லா. தாங்குவாளான்னு தெரியணும்."

எட்டு வருடமாகக் கவசமாக இருந்த பொய் ஒரு நொடியில் திரும்பி நின்றது. கோமதியின் அம்மா முகம் வெளிறி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லிவிடாதே என்கிற பார்வை. கோமதி எழுந்தாள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, வெயிலின் நடுவில், மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப சரியா அத்தை?" என்று அவளையே கேட்டாள்.

"அப்படிச் சொல்லு!" என்று அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துக்கொண்டே படியுங்கள். உண்மையைச் சொல்லலாம். அவள் இருபத்தேழு வயதுப் பெண். நோய் அவளுடையது, அவள் அனுமதி இல்லாமல் அதை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லாமல் இருந்தால் என் கண் முன்னால் வெயில் அவள்மேல் விழுந்துகொண்டிருக்கிறது.

சாக்குகளைத் தேடினேன். கண் கூசுகிறது, எல்லாரும் நிழலுக்குப் போவோமே என்றேன். "குளிர்ல வெறச்சிப் போவிய அண்ணாச்சி" என்று அத்தை என் நாற்காலியையும் வெயிலுக்கு இழுத்தாள். கோமதியின் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, சாப்பாட்டைச் சீக்கிரம் எடுத்து வையுங்கள், உள்ளே போய்விடலாம் என்றேன். அவர் போய் இலை போடட்டுமா என்று கேட்டார். "இங்கயே கொண்டாங்க, பிக்னிக் மாரி இருக்கும்" என்றாள் அத்தை. நான் வாயைத் திறந்ததால் சாப்பாடும் வெயிலுக்கு வந்தது.

கடைசியில் தண்ணீர் வேண்டும் என்று கோமதியைச் சமையலறைக்குக் கூட்டிப் போனேன். கன்னத்தைப் பார்த்தேன். கிரீமே இல்லை.

"அம்மா கழுவச் சொல்லிட்டா மாமா. வெள்ள வெள்ளயா திட்டாத் தெரியுதாம். பவுடர் அப்பியிருக்கான்னு நெனப்பாங்களாம்."

"நான் சொல்லிடட்டுமா? நல்ல மனுஷங்களாத் தெரியறாங்க."

"வேண்டாம்." தம்ளரைக் கழுவியபடியே சொன்னாள். "எட்டு வருஷமா ஒளிஞ்சிட்டுதான இருக்கேன். போதும், ஒரு நாள். ஒரே ஒரு நாள் எல்லாரையும் மாதிரி உக்காந்துக்கறேன்."

"வெயிலுக்கு ஒரு நாள், ரெண்டு நாள்னு கணக்கு இல்லம்மா."

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு மாமா" என்றாள். "சிரிக்கும்போது பல்லை மறைக்கிறார், பாத்தீங்களா? மறைக்கிறதுக்கு அவர்கிட்டயும் ஏதோ இருக்கு."

சேலைத் தலைப்பையாவது தலையில் போட்டுக்கொள் என்றேன். "முக்காடா? டில்லி அத்தை உடனே இந்திக்காரக் கல்யாணம்னு டோலக் எடுத்து வாசிக்க ஆரம்பிச்சுருவாங்க" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

நோயாளி தன் முடிவைத் தெரிந்தே எடுத்தாள். அதை மதிக்க வேண்டும் என்றுதான் உங்கள் புத்தகமும் சொல்லும். நானும் அப்படித்தான் செய்தேன். இன்றைக்கும் வேறு எப்படிச் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் தூக்கம் வந்திருக்கும்.

சாப்பாடு முடியும்போது அவள் கன்னங்கள் சிவந்துவிட்டன. மூக்கின் இருபுறமும், அதே இடத்தில். மாப்பிள்ளையின் அம்மா அவள் முகவாயைத் தொட்டுத் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள். "வெக்கத்துல எப்படிச் செவந்துட்டா பாருங்க!" புல்வெளியே மகிழ்ந்தது. அங்கேயே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோமதியின் அம்மாவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வாரமே காய்ச்சல். பிறகு மூட்டுகள், பிறகு முகம் வீங்கியது, பிறகு சிறுநீரகம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். வைத்திய விவரங்களை இங்கே எழுதப்போவதில்லை, அவை உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு பகல் வெயில்தான் காரணமா என்றால், சத்தியம் செய்யமாட்டேன். அந்த நோய் காரணம் சொல்லாமலும் பொங்கும். ஆனால் அவள் அப்பா கேட்டபோது இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

வீட்டில் டைபாய்டு என்று சொல்லிவிட்டார்கள். மறைக்க இன்னொரு பெயர். மாப்பிள்ளையின் அம்மா ஃபரீதாபாத்திலிருந்து பஸ் மாறிப் பார்க்க வந்தாள். வந்தவள் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் திரையை முழுக்கத் திறந்துவிட்டாள். "சவம் மாரி கெடக்காளே புள்ள. கொஞ்சம் வெயில் படட்டும், ரத்தம் ஊறும்." கோமதியின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. அவள் அம்மா பக்கத்திலேயே நின்றாள். ஒரு கை நீட்டினால் திரையை மூடலாம். நீட்டவில்லை. மூடினால் ஏன் என்று கேட்பார்களே.

நான் போய் மூடினேன். "இந்த வார்டுல திரை மூடித்தான் இருக்கணும்மா. எல்லாருக்கும் அதே ரூல்" என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. அந்த அம்மாள் உடனே மன்னிப்புக் கேட்டாள். கோமதியின் அம்மா எனக்குக் கை கூப்பினாள். பன்னிரண்டு படுக்கைகள் அந்த வார்டில். மற்ற பதினோரு பேருடைய ஜன்னல் திரைகளையும் நர்ஸைக் கூப்பிட்டு மூடச் சொன்னேன்.

இதை மட்டும் உங்களிடம் வற்புறுத்திச் சொல்வேன். ஒரு நோயாளியை மட்டும் தனியாக நிழலில் உட்காரச் சொன்னால் அவள் மானத்துக்குப் பயந்து வெயிலுக்கு வந்துவிடுவாள். எல்லாருக்கும் விதி என்று போட்டுவிட்டால் அவள் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் புறநோயாளிகள் வரிசை குளிர்காலத்தில் முற்றத்து வெயிலில் நிற்கும், நோயாளிகள் குளிராமல் இருக்கட்டும் என்று நாங்களே ஏற்படுத்திய வசதி. அந்த வருடமே அதை உள் நடைக்கு மாற்றினேன். "கெழவன் எங்களக் குளிர்ல கொல்றான்" என்று என் காது படவே திட்டினார்கள். திட்டட்டும். அதில் யாருக்கு லூபஸ், யாருக்கு வெறும் படை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

கோமதி ஒருநாள் கொஞ்சம் தெளிந்திருந்தபோது, "நாளைக்கு அவர் வரார் மாமா. நானே சொல்லிடறேன். அம்மா பக்கத்துலயே உக்காந்திருப்பா, நீங்க அவளை மட்டும் வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

மறுநாள் அவன் ஒரு பை நிறைய ஆரஞ்சோடு வந்தான். ஒரு கையெழுத்து வேண்டும் என்று அவள் அம்மாவை அலுவலக அறைக்குக் கூட்டிப்போய், தேவையில்லாத கேள்விகளைக் கேட்டு உட்கார வைத்தேன். பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் எழுந்துவிட்டாள். நாங்கள் திரும்பியபோது வார்டு வாசலிலேயே கோமதியின் சிரிப்பு கேட்டது. அவன் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்து எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். கையால் வாயை மறைக்கவில்லை.

அவன் போன பிறகு, "சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா."

"ஏம்மா?"

"கெடச்சதே கொஞ்ச நேரம். அதை அதுக்கு செலவழிக்க மனசு வரல." கண்ணை மூடிக்கொண்டாள். "பல்லு எப்படி ஒடஞ்சுதுன்னு சொன்னார். குல்லி டண்டா, அதான் கிட்டிப்புள், ஆடும்போதாம். வீட்டுல மாடிப்படில விழுந்தேன்னு சொல்லியிருக்காராம். இன்னிக்கு வரைக்கும் அவங்கம்மாவுக்குத் தெரியாதாம்."

அவள் மார்ச்சில் இறந்தாள். ஹோலிக்கு முந்தைய வாரம்.

லோதி ரோடு மயானத்துக்கு அவன் வந்திருந்தான். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் வந்தான். "சார், டைபாய்டுல இப்படி ஆகுமா?"

நான்கடி தள்ளி அவள் அப்பா நின்றார். குனிந்த தலை நிமிரவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். பொய் சொல்ல எனக்கு மனமில்லை. உண்மையைச் சொல்ல அவளே அனுமதி கொடுத்திருக்கவில்லை.

"அதை அவங்க வீட்டுலதான் தம்பி சொல்லணும்" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு அவள் அப்பாவைப் பார்த்தான். ஏதோ புரிந்துவிட்டது. அவரிடம் போய்க் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனான்.

சுதாவின் சம்மதத்தோடுதான் இவ்வளவையும் எழுதுகிறேன். அவள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். போனில் கேட்டபோது, "எழுதுங்க மாமா. எனக்குத் தமிழ் படிக்க வராது. அம்மா படிப்பா. படிக்கட்டும்" என்றாள். அதனால் அடுத்த குளிர்காலத்தில் நான் பார்த்ததையும் எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜினி நகர் சந்தைக்குப் போனவன், அவர்கள் வீட்டுக்கும் போனேன். புல்வெளியில் ஒரே ஒரு நாற்காலி. மர நிழலுக்கு எட்டாத தூரத்தில், தெருவில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி, வேலியை ஒட்டிப் போட்டிருந்தது. சுதா அதில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காலேஜ் புத்தகம். ஸ்வெட்டருக்குள் வேர்த்துக் கழுத்தில் மயிர் ஒட்டியிருந்தது.

"என்ன சுதா, தனியா?"

"டியூட்டி மாமா. தினமும் ஒரு மணி வரைக்கும்." கட்டியம் கூறிய பழைய குரல் இல்லை. முகவாயால் சமையலறை ஜன்னலைக் காட்டினாள்.

உள்ளே போனேன். அவள் அம்மா அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். அங்கிருந்து நாற்காலி நன்றாகத் தெரிந்தது.

"காலனி முழுக்கப் பேச்சு அண்ணாச்சி" என்றாள். "மூத்தவ வெயிலுக்கு ஒளிஞ்சது அழகுக்கு இல்ல, சீக்குக்குன்னு எவளோ மோப்பம் பிடிச்சிட்டா. தங்கச்சிக்கும் இருக்கும்னு சொல்லுதாவோ. இவளுக்கு ஒண்ணும் இல்லன்னு நாலு பேரு கண்ணால பாக்காண்டாமா?"

"ஒரு ரத்தப் பரிசோதனை செஞ்சு பாத்துருவோம்மா. அநேகமா ஒண்ணும் இருக்காது. நமக்கே நிம்மதி."

"வேண்டாம்." குழம்பைக் கிளறினாள். குரலில் கோபம் இல்லை. "ஒருத்திக்குப் பாத்தது போதும்."

வெளியே வந்தேன். சுதா புத்தகத்தைத் தூக்கிக் கண்ணுக்கு மேல் பிடித்திருந்தாள். சமையலறை ஜன்னல் கம்பியில் கரண்டி இரண்டு முறை தட்டியது. புத்தகம் மடிக்கு இறங்கியது. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் காய்கறிப் பையோடு அந்தப் பக்கம் போனாள். "வாஹ், சுதா! தூப் சேக் ரஹீ ஹோ?" வெயில் காய்கிறாயா என்று கேட்டுவிட்டு, நின்று, அவள் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள்.

"ஹான் ஆன்ட்டிஜி" என்று சுதா சிரித்தாள். அந்த அம்மாள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முகத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டாள்.